தவறி வந்த ஊதியமும் கள்ளாமை நோன்பும்

இல்லறத்தார் மேற்கொள்ளும் அணுவிரதங்கள் ஐந்தனுள் மூன்றாவதாக வைத்து எண்ணப்படுவது கள்ளாமை. இந்நோன்பைப் பற்றிப் பேச முற்படும்போதெல்லாம், "நம் குடும்பங்களில் திருடுவோர் யார்? நமக்கு எதற்கு இந்தப் பாடம்?" என்னும் எண்ணம் கேட்போர் உள்ளத்தில் எழுவதை நாம் கண்டிருக்கிறோம். கன்னம் வைப்பதும் பூட்டை உடைப்பதும் மட்டுமே களவு என்று கொண்டால் அவ்வெண்ணம் சரியே. ஆனால் நாம் தேடிப் போகாமலே பிறர்பொருள் நம் வீட்டிற்குள் வந்து சேர்வதும் உண்டு. அப்படி வந்த பொருளைப் பற்றிய கடிதம் ஒன்று சென்ற ஆண்டு நமக்கு வந்தது. எழுதியவரின் இசைவைப் பெற்று, அவர் இன்னார் என்று அறிய இயலாதவாறு சில குறிப்புகளை நீக்கி, அதனையே இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

சோளக்காட்டிலிருந்து வந்த கடிதம்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் மேல் அமைந்த ஊர் சோளக்காடு. அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் இவ்வூரை அடையலாம். மலைமக்கள் விளைவிக்கும் மிளகு, காப்பி, பலா, வாழை, அன்னாசி முதலியன இங்குள்ள சந்தைக்கு வந்து சமவெளி வணிகர் கைக்கு மாறுகின்றன. வந்தவாசிப் பக்கத்து நம் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர், இங்கே மிளகும் காப்பியும் கொள்முதல் செய்யும் தனியார் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார்.

அவருடைய மாத ஊதியம் 22,000 ரூபாய். மலைமீது தங்கிப் பணிபுரிவதற்காக மலைப்படி 1,500 ரூபாய். ஆக 23,500 ரூபாய் வரவேண்டிய இடத்தில், ஊதியப் பட்டியலைப் புதிய கணினி முறைக்கு மாற்றிய மாதத்திலிருந்து 25,000 ரூபாய் வரத் தொடங்கியது. மலைப்படி இரண்டு இடங்களில் பதிவாகிவிட்டதே காரணம். ஊதிய உயர்வு என்று அவர் எண்ணிக்கொண்டார். ஒன்பது மாதங்கள் கழிந்தபின், தங்கையின் கல்லூரிப் படிப்புக்குக் கடன் கேட்டு வங்கியை அணுகியபோது சம்பளச் சீட்டுகளைக் காட்டவேண்டி வந்தது. அப்போதுதான் ஒரே படி இரண்டு வரிகளில் இருப்பதைக் கண்டார். கண்டவர் வாய் திறக்கவில்லை. மேலும் ஐந்து மாதங்கள் அவ்வாறே பெற்றுக்கொண்டார். பதினான்கு மாதங்களில் கூடுதலாக வந்தது 21,000 ரூபாய். அவ்வளவும் தங்கையின் கட்டணத்திற்குச் செலவாகிவிட்டது.

அவரை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. மிளகு விற்க வந்த மலைவாழ் மூதாட்டி ஒருவருக்கு, எண்ணிக் கொடுக்கும்போது 200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டார். மறுவாரம் அம்மூதாட்டி நடந்து வந்து, "தம்பி, போன சந்தையிலே இருநூறு ரூபாய் கூடக் கொடுத்துட்டீங்க" என்று சொல்லிப் பணத்தை நீட்டினாராம். அன்றிரவு தமக்கு உறக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தார்.

கடிதத்தின் முடிவில் அவர் கேட்டவை மூன்று. முதலாவது: நான் கேட்காமல் அவர்களாகவே கொடுத்தது களவாகுமா? இரண்டாவது: நண்பர் ஒருவர் சொல்வதுபோல் அத்தொகையை ஊர் ஜிநாலயத்திற்குக் காணிக்கையாகச் செலுத்திவிட்டால் குற்றம் நீங்குமா? மூன்றாவதே அவரை மிகவும் வருத்தியது. ஊதியப் பட்டியல் எழுதுபவர் மலைக்கிராமத்துப் பெண். அவர் வீட்டில் அலுவலக வேலைக்கு வந்த முதல் ஆள் அவர்தாம். உண்மையைச் சொன்னால் அவருடைய வேலை போய்விடுமோ? ஒருவர் பிழைப்பைக் கெடுத்து என் நோன்பைக் காப்பது அறமாகுமா?

கொடுத்தது எது, கொடாதது எது

களவு என்பதற்கு நம் முன்னோர் கொண்ட பொருள் மிக எளியது. கொடாததைக் கொள்ளுதல் களவு. சமந்தபத்திராசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இந்நோன்பை விளக்குமிடத்து மூவகைப் பிறர்பொருளை எடுத்துச் சொல்கிறது. ஓரிடத்தில் வைக்கப்பட்டது ஒன்று. கைதவறி விழுந்தது ஒன்று. உரியவர் மறந்துவிட்டது ஒன்று. உரியவர் கொடாதவரை இவற்றைத் தான் எடுத்துக்கொள்ளாமையும், எடுத்துப் பிறர்க்குக் கொடாமையும் கள்ளாமையாகும் என்பது அதன் கருத்து.

நம் இளைஞரின் வங்கிக் கணக்கிற்கு மாதந்தோறும் வந்த 1,500 ரூபாய், கைதவறி விழுந்த பொருளுக்கும் மறந்துபோன பொருளுக்கும் நெருங்கிய உறவுடையது. பார்வைக்கு அது கொடுத்ததுபோல் இருக்கிறது. ஆயினும் கொடுத்தல் என்பது கையின் செயல் மட்டுமன்று. கொடுப்பவரின் மனமும் அதில் இருத்தல் வேண்டும். இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கிறோம் என்று அறிந்து, இசைந்து கொடுப்பதே கொடை. ஊதியமும் அத்தகையதே. கணினியில் ஒரு வரி இருமுறை பதிவானதில் நிறுவனத்தாரின் அறிவும் இல்லை, இசைவும் இல்லை. ஆகவே அது வந்த பொருளேயன்றித் தந்த பொருளாகாது. மூதாட்டி திருப்பித் தந்த இருநூறு ரூபாயும் இத்தகையதே. எழுத்து வாசனை அறியாத அவர் இதனைத் தெளிவாக அறிந்திருந்தார்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருதவேண்டும். வினையின் குற்றம் மனத்தின் நிலையைப் பொறுத்தது என்பது நம் அறநூல்களின் துணிவு. அறியாமல் பெற்ற ஒன்பது மாதத் தொகையாகிய 13,500 ரூபாயைப் பெற்றபோது அவரிடம் களவுக் குற்றம் இல்லை. ஆனால் அது கடன். அறிந்த நாள்முதல் அதனைத் திருப்பும் பொறுப்பு தொடங்கிவிட்டது. அதன்பின் பெற்ற ஐந்து மாதத் தொகையாகிய 7,500 ரூபாயின் நிலை வேறு. அது தமதன்று என்று தெரிந்தே பெற்றார். கை அசையவில்லை, வாய் பேசவில்லை, ஆயினும் மனம் அதற்கு இசைந்தது. நோன்பிற்கு இழுக்கு நேர்ந்தது இங்கேதான். இதனை மென்மையாகச் சொல்லி மழுப்புவது அவருக்கு நாம் செய்யும் உதவியாகாது என்றே மறுமொழியில் எழுதினோம்.

மனம் சொல்லும் சமாதானங்கள்

இத்தகைய வேளையில் மனம் சில சமாதானங்களைத் தேடிக் கொண்டுவரும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"பிழை அவர்களுடையது, அவர்களுக்கு இது பெரிய தொகையுமன்று." பிழை யாருடையது என்பது வேறு, பொருள் யாருடையது என்பது வேறு. பையைத் தவறவிட்டவர் கவனமற்றவராக இருக்கலாம். அதனால் பை நம்முடையதாகிவிடாது. உரியவரின் செல்வநிலை கொண்டு களவை அளப்போமாயின், ஏழை செல்வரிடம் எடுப்பதெல்லாம் களவல்ல என்று முடியும்.

"அறுவடைக் காலத்தில் இரவுபகலாக உழைத்தேன், அதற்குக் கூடுதல் ஊதியம் தரவில்லை, இது அதற்கு ஈடாகட்டும்." இவ்வாதம் நம் இளைஞரின் கடிதத்திலும் இருந்தது. மிகையாக உழைத்ததற்கு ஊதியம் பெறுவது உரிமையாயின் அதனை வெளிப்படையாகக் கேட்கவேண்டும். வழக்கும் தானே, நீதிபதியும் தானே, தீர்ப்பை நிறைவேற்றுபவனும் தானே என்று இருந்துகொண்டு மறைவில் நேர்செய்துகொள்வது முறையாகாது.

"அறப்பணிக்குக் கொடுத்துவிடுகிறேன்." இது எல்லாவற்றிலும் நயமான சமாதானம். நல்லெண்ணத்தின் தோற்றம் இதற்கு உண்டு. ஆனால் கள்ளாமைக்கு நம் ஆசிரியர் கூறிய விளக்கத்தை மீண்டும் நினைவுகொள்வோம். பிறர்பொருளைத் தான் கொள்ளாமையோடு, பிறர்க்குக் கொடாமையும் அதில் அடங்கும். தானம் செய்வதற்குத் தன்பொருள் வேண்டும். நிறுவனத்தின் பணத்தை உண்டியலில் இட்டால் உரியவருக்கு அது சேரவில்லை. அறியாமலே ஜிநாலயமும் பிறர்பொருளைப் பெற்றதாகிறது. கொடுத்தவருக்கோ, கொடாமலே கொடுத்தவர் என்ற பெயர் வருகிறது. ஒன்று மூன்று குற்றமாகப் பெருகுவதைத் தவிர இதில் வேறு பயனில்லை.

சட்டம் சொல்வது

நாட்டின் சட்டம் இதுபற்றி என்ன சொல்கிறது என்பதையும் நம் குடும்பத்தார் அறிந்திருத்தல் நன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவின்படி, தவறுதலாகத் தம்மிடம் செலுத்தப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தரவேண்டும். மிகையாக வழங்கிய ஊதியத்தைப் பின்வரும் ஊதியத்தில் நேர்செய்துகொள்ள 1936-ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டம் இடமளித்தது. அதன் இடத்திற்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் இடமளிக்கிறது. ஆனால் பிடித்தங்கள் ஊதியத்தில் பாதியைத் தாண்டலாகாது என்ற பொது வரம்பும் உண்டு.

அரசுப் பணியாளர் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் கூறியவை மேலும் நுட்பமானவை. பீகார் ஆசிரியர்கள் தொடர்பாக 2008 டிசம்பரில் வழங்கிய சையத் அப்துல் காதிர் வழக்குத் தீர்ப்பில், பணியாளர் பொய்யுரைத்தோ ஏமாற்றியோ பெறாத தொகையை மீட்பதிலிருந்து விலக்களித்தது. அவ்விலக்கு பணியாளரின் உரிமை அன்று, அவருக்கு நேரும் துன்பத்தைக் கருதி நீதிமன்றம் காட்டும் பரிவு என்றும் விளக்கியது. தமக்கு உரியதைவிட மிகுதியாக வருகிறது என்று அவர் அறிந்திருந்தது மெய்ப்பிக்கப்பட்டால் அப்பரிவு கிட்டாமற் போகலாம் என்றும் கூறியது. அறியாமல் பெற்ற ஒன்பது மாதத்திற்கும் அறிந்து பெற்ற ஐந்து மாதத்திற்கும் நாம் கண்ட வேறுபாட்டை நீதிமன்றமும் கண்டிருப்பதை வாசகர்கள் கவனிக்கலாம்.

2012 ஆகஸ்டில் உத்தராகண்ட் ஆசிரியர்களின் வழக்கில், மிகையாகக் கொடுக்கப்பட்டது வரி செலுத்துவோரின் பணம்; கொடுத்த அலுவலருக்கும் பெற்றவருக்கும் அது உரியதன்று என்று கூறி, 12 மாதத் தவணைகளில் மீட்க அந்நீதிமன்றம் இசைந்தது. 2014 டிசம்பர் 18 அன்று, பஞ்சாப் மாநிலம் எதிர் ரஃபீக் மசீஹ் என்னும் வழக்கில், மீட்கலாகாத சூழ்நிலைகளை வரிசைப்படுத்தியது. மூன்றாம், நான்காம் நிலைப் பணியாளர். ஓய்வு பெற்றோர் அல்லது ஓராண்டுக்குள் ஓய்வுபெற இருப்போர். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மிகை ஊதியம் வழங்கப்பட்டுவந்த நேர்வு. உயர்பதவியின் வேலையைத் தவறாக வாங்கிக்கொண்டு அதற்கேற்ப ஊதியம் கொடுத்த நேர்வு. மீட்பது பெருங்கொடுமையாக முடியும் பிற நேர்வுகள் ஆகியன அவை. 2016-இல் வந்த மற்றொரு தீர்ப்பு, மிகையாகப் பெற்றால் திருப்பித் தருவேன் என்று முன்னரே எழுத்தில் உறுதியளித்தவர் அவ்வுறுதிக்குக் கட்டுப்பட்டவர் என்றது. 1999-இல் ஓய்வுபெற்ற கேரள ஆசிரியர் ஒருவரிடமிருந்து மீட்க முயன்றதை 2022 மே மாதம் அந்நீதிமன்றம் விலக்கியது.

இத்தீர்ப்புகளின் பயனை நம்மவர் யாரேனும் பெற நேர்ந்தால் அதில் இழிவு ஏதுமில்லை. முதுமையில் ஓய்வூதியத்தை நம்பியிருப்பவரிடம் பழைய கணக்கைக் காட்டிப் பெருந்தொகை கேட்பது கொடுமையே. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. பிறர் நம்மிடமிருந்து எதனை வலிந்து பெறலாகாது என்று சட்டம் கூறுகிறது. நாம் நம்மிடம் எதனை வைத்துக்கொள்ளலாகாது என்று நோன்பு கூறுகிறது. இரண்டிற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு.

சிலி நாட்டு நிகழ்ச்சி அவ்விடைவெளியைக் காட்டும். 2022-ஆம் ஆண்டு அங்கே ஓர் உணவு நிறுவனத் தொழிலாளிக்கு, ஏறத்தாழ 5 லட்சம் பெசோ ஊதியத்திற்கு மாறாக 16 கோடி பெசோவுக்கு மேல் வந்துசேர்ந்தது. திருப்பித் தருவதாகச் சொன்னவர், பின்னர் வேலையை விட்டு விலகிச் சென்றுவிட்டார். அது திருட்டுக் குற்றத்தின்பாற் படாது என்று அந்நாட்டு நீதிமன்றம் 2025-இல் கூறியதாகச் செய்தி வந்தது. குற்றவியல் சட்டத்தின் சொல்லில் அது திருட்டு அன்றாக இருக்கலாம். உரியவருக்குப் பொருள் சேரவில்லை என்பது மாறவில்லை.

பட்டியல் எழுதிய பெண்ணின் பொருட்டு

இனி மூன்றாம் வினாவிற்கு வருவோம். ஒருவர் பிழைப்புக்கு ஊறு நேருமோ என்று அஞ்சுவது கொல்லாமை நோன்பின்பாற் பட்ட அச்சம், போற்றத்தக்கது. ஆனால் அவ்வச்சத்தை நாம் ஆராய்ந்து பார்க்கவேண்டும். அவ்விளைஞரின் மௌனம் அப்பெண்ணைக் காப்பாற்றவில்லை. மாதந்தோறும் அவர்மேல் ஏறும் பிழையின் அளவைக் கூட்டியது. ஒன்பதாம் மாதத்தில் சொல்லியிருந்தால் அது 13,500 ரூபாய்ப் பிழை. பதினான்காம் மாதத்தில் 21,000 ரூபாய்ப் பிழை. ஒருநாள் தணிக்கையாளர் கண்டால், இருவரும் கூடிச் செய்தனர் என்ற ஐயமும் அவர்மேல் விழும். ஆகவே உண்மையைச் சொல்வதே அவருக்கும் காப்பு. எப்படிச் சொல்வது என்பதில்தான் கருணை வேண்டும்.

எனவே முதலில் அப்பெண்ணிடமே தனியே தெரிவித்து, நிறுவனத்தாருக்கு அளிக்கும் கடிதம் அவர் அறியாமல் செல்லாதவாறு பார்த்துக்கொள்ளும்படி எழுதினோம். கடிதத்தில் கணினி மாற்றத்தின்போது நேர்ந்த பதிவுப் பிழை என்று உள்ளதை உள்ளபடி குறிக்கவேண்டும். கடைசி ஐந்து மாதம் அறிந்தும் சொல்லாதிருந்தது தம் குற்றம் என்பதையும் மறைக்காமல் எழுதவேண்டும். தம் குற்றத்தை ஒளித்துப் பிறர் பிழையை மட்டும் காட்டும் கடிதம் பாதி உண்மையே.

திருப்பித் தரும் முறை

இத்தகைய நிலை வேறு எவருக்கேனும் நேரலாம் என்பதால், செய்யவேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்கிறோம்.

ஐயம் எழுந்தவுடன் சம்பளச் சீட்டுகளையும் வங்கிக் கணக்கையும் மாதவாரியாக ஒப்பிட்டு மிகைத்தொகையைக் கணக்கிடுக. தெரிந்த நாளையும் குறித்துக்கொள்க. வாய்ச்சொல்லோடு நில்லாமல் எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்குச் சான்று வாங்குக. பணத்தைத் தனியொருவர் கையில் ரொக்கமாகக் கொடாமல் நிறுவனக் கணக்கிற்கே செலுத்தி இரசீது பெறுக.

மிகைத்தொகையில் வருமானவரியும் வருங்கால வைப்புநிதியும் பிடிக்கப்பட்டிருந்தால், அவற்றை எவ்வாறு நேர்செய்வது என்று முன்னரே கேட்டுக்கொள்க. கனடா அரசு 2016-இல் கொண்டுவந்த 'பீனிக்ஸ்' என்னும் ஊதியக் கணினி முறையால் பல்லாயிரம் பணியாளர்க்கு ஊதியம் கூடியும் குறைந்தும் போயிற்று. மிகையாகப் பெற்றோரில் பலர், பிடித்தம் போகக் கைக்கு வந்ததைவிடக் கூடுதலாகத் திருப்பித் தரும் நிலைக்கு ஆளாயினர். 2019-இல் அங்கு வரிச் சட்டத்தையே திருத்தவேண்டி வந்தது.

ஒரே முறையில் கொடுக்க இயலாவிடில் தவணை கேட்பதில் வெட்கம் வேண்டா. கொடுக்கும் மனம் உறுதியாயிருந்தால் காலம் கேட்பது குற்றமன்று. ஆனால் அறிமுகமற்ற ஒருவர் தொலைபேசியில் அழைத்து, உங்கள் கணக்கிற்குத் தவறிப் பணம் அனுப்பிவிட்டேன், உடனே இந்த எண்ணுக்கு அனுப்புங்கள் என்றால் அதனை நம்பிவிடலாகாது. அவ்வகை ஏமாற்று இன்று மிகுந்துள்ளது. வங்கிக்குச் சென்று, வங்கி வழியாகவே திருப்புக.

நம்மவருள் பிறரை வேலைக்கு அமர்த்தியிருப்போருக்கும் ஒரு சொல். பிழையைத் தாமே வந்து சொல்லும் பணியாளரைக் குற்றவாளியைப்போல் நடத்தினால், அடுத்தவர் சொல்லத் துணியமாட்டார். தவணை அளிப்பதும், பிழை எழுதியவரைத் துரத்தாமல் பிழை நேராத முறையை அமைப்பதும் முதலாளியின் அறம். அதேபோல் பணியாளருக்குக் குறைத்துக் கொடுத்திருப்பது தெரியவந்தால், அவர் கேட்குமுன் கொடுப்பதும் கள்ளாமையே. கணக்கு இருபுறமும் பார்க்கப்படவேண்டும்.

பின் நிகழ்ந்தது

நம் மறுமொழி சென்று மூன்று வாரங்களில் அவ்விளைஞர் கடிதத்தை அளித்துவிட்டார். அறிந்து பெற்ற 7,500 ரூபாயை உடனே செலுத்துவதென்று அவரே முடிவுசெய்து, தம் இருசக்கர வண்டியை விற்றுக் கட்டினார். அறியாது பெற்ற 13,500 ரூபாயை மாதம் 1,500 வீதம் ஒன்பது தவணைகளில் பிடித்துக்கொள்ள நிறுவனத்தார் இசைந்தனர். எத்தனை மாதம் அறியாமல் பெற்றாரோ அத்தனை மாதம் மலைப்படி இன்றியே மலைமேல் பணிபுரிகிறார். அப்பெண்ணை வேலையிலிருந்து நீக்கவில்லை. இனிப் பட்டியலை இருவர் பார்த்து ஒப்பமிடவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஆனால் மேலாளர் சில நாள் தம்மிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை என்றும், தங்கையின் அடுத்த கட்டணத்திற்கு அன்னையார் வளையலை அடகு வைக்க நேர்ந்தது என்றும் எழுதியுள்ளார். அறத்தின் விலையை மறைத்துப் பாடம் சொல்வது சரியன்று என்பதால் இவற்றையும் குறிக்கிறோம்.

நாள்தோறும் செய்யும் பிரதிக்கிரமணம் என்ற சொல்லுக்கே திரும்பி வருதல் என்பது பொருள். தவறிய இடத்திற்கு மனத்தால் திரும்பி வருகிறோம். சில தவறுகளுக்கு மனம் மட்டும் திரும்பினால் போதாது; பொருளும் திரும்பவேண்டும். இவ்விதழ் வாசகர் கைக்கு வரும்போது அவ்விளைஞருக்கு மீதமிருப்பவை மூன்று தவணைகள்.

குடும்பத்தில் கலந்து பேச

1. கடைக்காரர் மீதியாகக் கூடுதல் சில்லறை கொடுத்தது வீட்டிற்கு வந்தபின் தெரிந்தால், நம் பிள்ளைகள் நம்மிடம் என்ன செயலைக் காண்பார்கள்?

2. பிறர் பிழையால் வந்த பொருளை அறப்பணிக்குக் கொடுப்பது ஏன் தானமாகாது?

3. நமக்குக் குறைத்துக் கொடுத்ததைக் கேட்கும் விரைவோடு, கூடுதலாக வந்ததைச் சொல்கிறோமா?